சுவடில்லாமல்

பாராசூட் படையில் ஆறு வருடம் வானத்திலிருந்து குதித்தவனுக்கு, கமாண்டோ ஆகவேண்டும் என்று ஒரே ஆசை. கடைசித் தேர்வு இதுதான்: பட்டப்பகலில், யாருக்கும் தெரியாமல் மேஜரின் வீட்டுக்குள் புகுந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வரவேண்டும்.

மறுநாள் காலை, கண்ணாடியை மேஜரின் மேஜைமேல் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

“யாராவது பாத்தாங்களா?”

“இல்ல சார். மேடம் ஹால்ல தூங்கிட்டிருந்தாங்க. நாய்கூடக் குரைக்கல.”

“நீ தோத்துட்டே.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் சார்?”

“உங்க படை நூறு பேரா குதிச்சு, இடத்தைப் பிடிச்சு, அங்கேயே நிக்கும். நாங்க நாலு பேர் போனா, வந்துபோன சுவடே இருக்கக் கூடாது. நீ விட்டுட்டு வந்திருக்கே.”

“கதவுல ஒரு கீறல்கூட இல்லையே சார்!”

“ஆறு மாசமா ஒழுகின சமையலறைக் குழாய், நேத்திலேருந்து ஒழுகல.”

அவன் அசடு வழிந்தான். “சொட்டுச் சொட்டுன்னு சத்தம்... மனசு கேக்கல சார்.”

மேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அடுத்த வருஷத் தேர்வுக்குள்ள அந்தக் கையை அடக்கிப் பழகு. ஆனா இன்னைக்கு வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வா, வாசல் வழியாவே. குளியலறைக் குழாயும் ஒழுகுதாம். மேடத்தோட உத்தரவு!”