உண்ணாவிரத மாத்திரை

உண்ணாவிரதத்தின் நாலாம் நாள் காலையில் தலைவருக்கு அரைக் கிலோ எடை கூடியிருந்தது.

சங்கச் செயலாளர் சரக்குத் தராசின் முள்ளை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். முள் இறங்குவதாக இல்லை. தொழிற்சாலை வாசலில் தொங்கிய கரும்பலகையில் 'இன்று எடை ஒரு கிலோ குறைவு' என்று எழுதிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார்.

"தலைவரே, உண்மையைச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம ஏதாவது உள்ள தள்றீங்களா?"

"என்னய்யா பேசற? மூணு நாளா தண்ணியும் மாத்திரையும்தான். மாத்திரை சாப்பாட்டுக் கணக்குல வராதுன்னு நீதானே தீர்மானம் எழுதினே?"

எழுதியது உண்மைதான். தலைவருக்கு வயசு ஐம்பத்தைந்து. அவர் மயங்கி விழுந்தால் போராட்டமும் கூடவே படுத்துவிடும். அதனால், சத்து மாத்திரை உணவாகாது என்று எல்லோரும் கைதூக்கி முடிவு செய்திருந்தார்கள். மருந்து அறை நர்ஸ் வேளைக்கு நாலு மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதாக ஏற்பாடு.

கோரிக்கை ஒன்றே ஒன்று. கேன்டீன் சமையல்காரரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் போடும் ரொட்டியை, முப்பது வருஷமாக இரும்பைக் கடைந்த தலைவராலேயே கடிக்க முடியவில்லை.

"மாவும் எண்ணெயும் ஆபீஸ்ல வாங்கிப் போடறது அண்ணே. அதை வெச்சு நான் என்ன பண்ணுவேன்?" என்று சமையல்காரர் ஒருமுறை வந்து அழாத குறையாகச் சொன்னார். "சாக்குச் சொல்லாதே, போ" என்று தலைவர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

அன்றைக்கும் நர்ஸ் பந்தலுக்குள் வந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். கோலிக்குண்டு அளவில் பழுப்பாக நாலு உருண்டைகள். தலைவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். முதல் நாள் கொடுத்த வெள்ளை மாத்திரை குடலைப் புரட்டும் கசப்பு. இரண்டாம் நாளிலிருந்து வரும் இதுவோ வேறு ரகம். கடித்தால் கரைந்துவிடும், கரைந்ததும் நாக்கு இன்னொன்று கேட்கும்.

"இது எந்தக் கம்பெனி தங்கச்சி?"

"புதுசுண்ணே. பழசு தீர்ந்துபோச்சு."

"லேசா சுடுதே?"

"வெயில்ல எடுத்துட்டு வந்தேன்ல" என்றாள் நர்ஸ், பொட்டலக் காகிதத்தை மடித்தபடியே.

மணி ஏழுதான் ஆகியிருந்தது. வெயில் இன்னும் மதில் சுவரையே தாண்டவில்லை. தலைவருக்கு அதையெல்லாம் ஆராய நேரமில்லை, மூன்றாவது உருண்டை வாய்க்குள் இருந்தது.

எதிரே கேன்டீன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சமையல்காரர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் இதே வேலை. மாத்திரை இறங்கும்வரை பார்ப்பார், பிறகு உள்ளே போய்விடுவார்.

"பாத்தியா தங்கச்சி, நான் எப்ப சாய்வேன்னு கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கான். அவன் எதிர்ல நான் விழவே கூடாது. இனிமே வேளைக்கு ஆறா குடு."

நர்ஸ் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

ஆறாம் நாள் மத்தியானம் மேனேஜரே பந்தலுக்கு இறங்கி வந்தார். கையில் பழச்சாறு, முகத்தில் அசடு.

"உங்க பிடிவாதம் ஜெயிச்சுடுச்சு. ஆறு நாள் பட்டினி கிடந்தும் இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க, நாங்க என்ன பண்றது? அந்த ஆளை இப்பவே கணக்கு முடிச்சு அனுப்பியாச்சு. நாளைக்குப் புது ஆள் வர்றார்."

பந்தல் அதிர்ந்தது. தலைவர் பழச்சாற்றை ஒரே மடக்கில் குடித்தார். கரும்பலகைக் கணக்குப்படி ஐந்து கிலோ இளைத்துப்போன அந்த மனிதரைத் தோளில் தூக்குவதற்குள் நாலு பேருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் தலைவர் நர்ஸைத் தேடினார். அவள் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள் என்று தலைவருக்கு மனசு இளகிவிட்டது.

"தங்கச்சி, ஜெயிச்சது நான் இல்லை, உன் மாத்திரை. என் ஆயுசுல இப்படி ஒரு ருசியைப் பார்த்ததில்லை. கம்பெனி பேரைச் சொல்லு, வீட்டுக்கும் வாங்கிப் போடறேன்."

"கம்பெனியும் இல்லை, மாத்திரையும் இல்லைண்ணே. மருந்து அறையில ஸ்டாக் முதல் நாளே தீர்ந்துபோச்சு. பட்டினி கிடக்கற ஆளை எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கறதுன்னு, ஒருத்தர் தன் வீட்டுலேருந்து நல்ல மாவும் வெண்ணெயும் கொண்டாந்து, தெனமும் காலையில வறுத்து உருட்டிக் குடுத்தாரு. உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இனிமே அதைக் காப்பாத்தி என்ன ஆகப் போகுது?"

"யாரும்மா அந்தப் புண்ணியவான்? கூப்பிடு, இப்பவே அவருக்கு ஒரு மாலை போடணும்."

வாசலில் ஒருவரின் துணிப்பையைச் சோதித்துவிட்டு, காவலாளி கதவைத் திறந்துவிட்டார். பையிலிருந்து ஒரு கரண்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸ் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ போறாரே."