மாப்பிள்ளையின் பெட்டி

“அமெரிக்கக் காலேஜ்ல சீட் கிடைச்சிட்டு மாமி. இங்கன பல் டாக்டரா இருந்தாலும், அங்கன ரெண்டு வருஷம் திரும்பப் படிச்சாத்தான் வைத்தியம் பாக்க விடுவாங்களாம்,” என்றான் மருமகன் அம்மார்.

ராஹிலா பரணைக் காட்டினாள். “உங்க பெட்டியை இறக்குங்க மாப்பிள்ளை. யுஸ்ரா இங்கனயே இருக்கட்டும். காயல்பட்டினத்துல பொண்ணுங்க உம்மா வீட்டை விட்டுப் போற வழக்கமில்லயே.”

அம்மார் மனைவியைப் பார்த்தான்.

“ரெண்டு பல் டாக்டரும்தான் விண்ணப்பம் போட்டோம். அவங்களுக்குக் கிடைக்கல உம்மா. சீட் எனக்கு,” என்றாள் யுஸ்ரா, தயங்கியபடி.

ராஹிலா மகளின் கையைப் பிடித்தாள். “தனியாவா போவே?”

“தனியா எதுக்கு மாமி?” என்றான் அம்மார். “நிக்காஹ் ஆன அன்னைக்கே பெட்டியோட உங்க மக வீட்டுக்கு வந்தவன்தானே நான். அவ வீடு மாறினா நானும் மாறிக்கிடுதேன்.”

ராஹிலாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. “அப்ப அவ பெட்டியையும் சேத்து இறக்குங்க.”