அனுப்பியாச்சு

"மணி அடிச்சிருக்கும் டாக்டர். நான்தான் கவனிக்கல" என்றாள் நர்ஸ்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்த எஞ்சினீயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு நாளைக்கு முன்னால், பட்டப்பகலில், இந்த ஆஸ்பத்திரியின் ஏழாம் நம்பர் அறையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனவர் அவனுடைய அப்பா.

"கவனிக்கலையாம்! ஏதோ அடுப்புல பால் பொங்கினதைச் சொல்ற மாதிரி சொல்றாங்க பாருங்க!" கையிலிருந்த தாளை மேஜை மேல் அறைந்தான். "ரெண்டு மணி பதினாலு நிமிஷம். அப்பா சுவிட்சை அழுத்தியிருக்கார். பக்கத்துலயே 'அனுப்பியாச்சு'ன்னு பதிவாகியிருக்கு. இவங்க உள்ள போனது ரெண்டு நாப்பதுக்கு. இருபத்தாறு நிமிஷம் டாக்டர்! அந்த மனுஷன் கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்திருக்கார்."

அந்த அழைப்பு மணியைச் செய்தவனே அவன்தான். அப்பாவைச் சேர்த்த அன்று கட்டிலோரம் இருந்த பழைய மணி வேலை செய்யவில்லை. இரண்டே நாளில் ஒரு சின்னப் பெட்டி செய்து கொண்டுவந்தான். அழுத்தினால் வைஃபை வழியாக நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கோரிக்கை போகும், அங்கே மணி அடிக்கும். பெரிய டாக்டருக்குப் பிடித்துப்போய் பத்து அறைக்கும் வாங்கிக்கொண்டார். 'ரெடிமேட் எதையும் தொடல, இணைப்புப் போடற சாக்கெட்லருந்து எல்லா ப்ரோகிராமும் என் கையால எழுதினது' என்று கேட்டவர்களிடம் சொன்னான். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

"இவங்க இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசப்படியும் மிதிக்கக் கூடாது" என்றான் இப்போது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷ சர்வீஸ். வேலையை விட்டுத் தூக்கணும்னா ஃபைல்ல இன்னொரு பேப்பர் வேணும். அப்பா அறையிலேருந்து அனுப்பினது சரி. நர்ஸ் மேஜைக்கு வந்து சேர்ந்துச்சா? அதையும் எடுத்துக் குடுத்துடுங்க."

"பத்து நிமிஷ வேலை."

நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்தான். இரண்டு பதின்மூன்றுக்கு மூன்றாம் நம்பர் அறை. இரண்டு பத்தொன்பதுக்கு ஒன்பதாம் நம்பர். ஏழாம் நம்பரைக் காணோம்.

'நர்ஸ்தான் அழிச்சிருக்கா' என்றுதான் முதலில் தோன்றியது.

ஏழாம் நம்பர் அறைக்குப் போனான். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சுவிட்சை அழுத்தினான். மணி அடித்தது. அடுத்தடுத்துப் பத்துத் தடவை அழுத்தினான். பத்துத் தடவையும் அடித்தது. அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். வராந்தாவில் நின்று கால்மணி நேரம் பேசினான். திரும்பி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை அழுத்தினான்.

சத்தமே இல்லை.

மறுபடி அழுத்தினான். அடித்தது.

லேப்டாப்பைக் கட்டில் கம்பி மேல் வைத்து, தான் எழுதியதைத் தானே வரி வரியாகப் படித்தான். ஒவ்வொரு தடவையும் புதுசாக இணைப்புப் போட்டால் நேரமாகும் என்று, ஒரே சாக்கெட்டைத் திறந்தே வைத்திருந்தான். ஐந்து நிமிடம் பேச்சு மூச்சு இல்லாவிட்டால் நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டர் தன் பக்கத்து இணைப்பை மூடிவிடுகிறது. பெட்டி அதைக் கவனிப்பதில்லை. அடுத்து வருகிற முதல் கோரிக்கையை மூடிய கதவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, 'அனுப்பியாச்சு' என்று எழுதிவிடுகிறது. இரண்டாவது தடவை அழுத்தும்போதுதான் இணைப்பு அறுந்தது தெரிந்து, புதுசாகப் போட்டு அனுப்புகிறது. பதில் வந்ததா என்று பார்க்கிற வரியை அவன் எழுதவே இல்லை. வேகமாகப் போக வேண்டும் என்று விட்டிருந்தான்.

அன்றைக்கு அப்பா ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருந்தார். அந்த இரண்டாவது தடவையை, நான்கு நாள் கழித்து, சற்றுமுன் அவன்தான் அழுத்தியிருந்தான்.

நர்ஸ் உடை மாற்றும் அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றான்.

"சிஸ்டர்... மணி அடிக்கவே இல்ல."

"தெரியும் தம்பி."

"தெரியுமா? அப்புறம் ஏன் அங்க..."

"அப்பாவைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. உங்க மணிதான் அடிக்கலன்னு அத்தனை பேர் முன்னால சொல்ல எனக்கு வாய் வரல. சும்மா இருந்துட்டு அழுத்தினா முதல் தடவை அடிக்காதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். புதுசா வர்றவங்ககிட்ட ரெண்டு தடவை அழுத்துங்கன்னு சொல்லித்தான் படுக்க வைப்போம்."

அவனுக்கு மறுபடியும் கோபம் வந்தது. வேறு யார் மேலாவது வரட்டுமே என்று தேடி வந்த கோபம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ரெண்டு வரியில சரி பண்ணியிருப்பேனே! தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"இருந்தேன். அந்தத் தப்பைத்தான் நான் ஒத்துக்கிட்டேன்."

"அப்பாகிட்டயாவது சொன்னீங்களா?"

மடித்துக்கொண்டிருந்த சேலையை அவள் கீழே வைத்தாள்.

"அவர்தான் தம்பி எங்களுக்குச் சொன்னார். மாட்டின அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டார். 'பையன் காதுல போட்டுடாதீங்கம்மா, எனக்காக ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சிருக்கான், மனசு விட்டுப்போயிடும். ரெண்டாவது தடவை அழுத்தினா என் கை என்ன தேஞ்சா போயிடும்?'னு சிரிச்சார்."