கல் எண்ணும் வகுப்பு

முத்தாயம்மாள் டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துத் தன் வீட்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள் என்று மனு வந்திருந்தது. எழுதியவர் அந்தப் பள்ளிக்கூடத்து மானேஜர் நாச்சிமுத்து. போதாக்குறைக்குச் சொந்தப் பேத்தியையே சாட்சியாகக் காட்டியிருந்தார். ஒரு வருஷமாக ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தும் அவளுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியவில்லையாம்.

மனு உண்மையாக இருந்தால் டீச்சருக்கு வேலை போய்விடும். அதற்கான தாளைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சண்முகவேல் முன்கூட்டியே எழுதி, தேதியை மட்டும் விட்டுவைத்துக் கொண்டுவந்திருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து இன்னொரு தடவை மாட்டுவண்டியில் குலுங்கி வர அவர் இடுப்பு சம்மதிக்காது.

மதியச் சாப்பாடு மானேஜர் வீட்டில். யுத்த காலம், ஊர் முழுக்க ரேஷன் அரிசி. அந்த அரிசியில் கிடந்த ஒரு கல்லுக்குப் போன மாதம்தான் சண்முகவேல் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்திருந்தார். ஆகவே பயந்து பயந்து மென்றார். மூன்று தடவை சோறு வாங்கியும் ஒரு கல்கூடத் தட்டுப்படவில்லை. இது என்ன அரிசி என்று கேட்டேவிட்டார்.

"எல்லாம் நம்ம ரேஷன் அரிசிதானுங்க. சர்க்கார் அனுப்பறதே கல்லோடதான் வருது. எங்கூட்டுப் பொம்பளைங்க பார்த்து அரிச்சு ஆக்குவாங்க" என்றார் நாச்சிமுத்து. அந்த ஊர் ரேஷன் கடையும் அவருடையதுதான்.

கிளம்பும்போது வண்டியில் ஒரு சின்ன அரிசி மூட்டை ஏறியிருந்தது. சண்முகவேல் அதைப் பார்க்கவில்லை. இந்த மாதிரி மூட்டைகளைப் பார்க்காமலிருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் மனுவில் எழுதியிருந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. இருபது குழந்தைகள், ஆளுக்கொரு துணி முடிச்சை அவிழ்த்து வைத்துக்கொண்டு அரிசி பொறுக்கினார்கள். அரிசி ஒரு பக்கம், வெள்ளைக் கல் ஒரு பக்கம், கறுப்புக் கல் ஒரு பக்கம்.

இது யார் வீட்டு அரிசி என்று கேட்டார். டீச்சர் எழுந்து நின்றாள்.

"அவங்கவங்க ஊட்டு அரிசிதானுங்க. அரிசி பொறுக்கோணும்னு புள்ளைங்களை அனுப்பாம ஊட்டுலயே நிறுத்திக்கிட்டாங்க. அந்த வேலையை இங்கயே கொண்டாங்கன்னு நாந்தான் சொன்னேனுங்க. அரிசி அதே முடிச்சுல ஊட்டுக்குப் போயிரும். எனக்குப் பாடம் நடத்தக் கல்லு போதுமுங்க."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சண்முகவேல் பதினெட்டு வருஷமாக நல்ல பேச்சுகளைக் கேட்டுவருபவர். முன்வரிசையில் இருந்த வீரன் என்ற பையனை எழுப்பி அவன் கணக்கைக் கேட்டார்.

"வெள்ளை பன்னெண்டு, கறுப்பு பத்தொம்போதுங்க. மொத்தம் முப்பத்தொண்ணு."

சண்முகவேல் குனிந்து தானும் எண்ணினார். நடுவில் அவருக்குத்தான் ஒரு கல் தப்பியது. மறுபடி எண்ண, பையன் சொன்னதே சரி.

கூடவே வந்திருந்த மானேஜர் குறுக்கிட்டார். இதெல்லாம் இன்றைக்கென்று சொல்லிக்கொடுத்து வைத்தது என்றும், தன் பேத்தியைக் கேட்டால் உண்மை தெரியும் என்றும் சொல்லி, பழனியம்மாளை முன்னால் தள்ளினார்.

அவள் முன்னால் ஒரு பிடி அரிசி வெள்ளைவெளேரென்று கிடந்தது. பக்கத்தில் எதுவும் இல்லை.

"எத்தனை கல்லு சாமி?" என்று கேட்டார் சண்முகவேல்.

"சைபருங்க."

"நேத்து?"

"நேத்தும் சைபருங்க."

சரி, ஒன்றிலிருந்து சொல் என்றார். விரல்களை மடக்கிப் பத்து வரைக்கும் வந்தாள். விரல் தீர்ந்ததும் நின்றுவிட்டாள். நாச்சிமுத்து, நான் சொல்லவில்லையா என்பதுபோல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

சண்முகவேல் பேனாவைத் திறந்தார். தேதி போடுவதற்கு முன், பக்கத்துப் பிள்ளையின் கல்லை வைத்தாவது இவளுக்கு எண்ணச் சொல்லித்தந்திருக்கலாமே என்று டீச்சரைக் கடிந்துகொண்டார்.

"அடுத்த ஊட்டு அரிசியில எம்பேத்தி கை வெக்கக் கூடாதுன்னு மானேஜர் அய்யா உத்தரவுங்க" என்றாள் டீச்சர்.

பழனியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்த் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாரு, நாளைக்கு எனக்கும் கடை மூட்டையில இருந்து அரிசி குடுங்க. நீங்க கல்லு கலக்குவீங்கல்ல, அந்த மூட்டையில."

வீரன் தன் கற்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான்.

சண்முகவேலின் நாக்கு, பல் போன இடத்தைத் தானாகத் தடவியது. மூன்று தடவை சோறு வாங்கியது ஞாபகம் வந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் தாசில்தாருக்கு என்று போட்டு, பிள்ளைகளை வரிசையாகக் கேட்டு, பெயரும் கல்லும் எழுதிக்கொண்டார். ஒரு குழந்தைகூடத் தப்பாக எண்ணவில்லை.

பிறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டு, வண்டியில் இருந்த மூட்டையைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் இறக்கச் சொன்னார்.

"சைபர் சொல்லித்தர ஒரு பிடி அரிசி பத்தாதுங்கம்மா. இதையும் வெச்சுக்குங்க. இதுலயும் கல்லு இருக்காது."