நான்கு கார்னேஷன் பூக்கள்
மார்ச் மாத மத்தியான வெளிச்சம், தரைக்குக் கீழே இருக்கும் கட்சி அலுவலகத்தின் சின்ன ஜன்னல் வழியாக இறங்கி, நாற்பது காலி நாற்காலிகளின் மேல் விழுகிறது. ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் கால்கள் மட்டும் தெரிகின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் அந்தக் கால்கள் இங்கே வரிசையில் நின்று உறுப்பினர் அட்டை வாங்கின. இப்போது கண்ணாடியில் பனிச்சேற்றை அடித்துவிட்டுப் போகின்றன. சாயம் போன கொடியின் கீழே தலைவர் அர்செனி மைக்கைத் தட்டி, "ரஷ்யர்களே" என்று தொடங்குகிறார். குரலில் மட்டும் அன்றைய அதே இடி. கேட்க இருப்பவள் செயலாளர் ராயிசா ஒருத்திதான். கட்சியின் ஆண்டு விழாவுக்கென்று கொண்டுவந்த சிவப்புக் கார்னேஷன்களை அவள் ஜாடியில் வைக்கிறாள். அவர் பேச்சை நிறுத்திப் பூக்களை எண்ணுகிறார். "நாலு பூவா கொண்டாந்திருக்க? இரட்டைப்படையில கல்லறைக்குத்தானே வைப்போம்." "அஞ்சுதான் வாங்கினேன், தலைவரே. பஸ் நெரிசல்ல ஒண்ணு ஒடிஞ்சுபோச்சு. இதுல ஒண்ண எடுத்துடட்டுமா?" மேலே ஒரு ஜோடி பூட்ஸ் ஜன்னலருகே நிற்கிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். இரண்டு கைகள் இறங்கி, அவிழ்ந்த நாடாவைக் கட்டுகின்றன. பூட்ஸ் போய்விடுகிறது. "வேண்டாம்," என்கிறார் அவர். "நாலே இருக்கட்டும்." மைக்கை அவர் அணைக்கவில்லை. அந்தச் சொல் நாற்பது நாற்காலிகளுக்கும் கேட்கிறது.