ஐந்தாவது குப்பி

எழுநூற்றுப் பத்தொன்பது மணி நேரம் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் முப்பது நாள் முடிந்துவிடும்.

ஜன்னலோரம் இருந்த கண்ணாடிக் குப்பியை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. ஜூஸ் கடையில் வீசி எறிகிற மாதுளைத் தோலும் தர்பூசணி விதையும்தான் அதற்குள் முகப்பூச்சாகியிருந்தன. கெடாமலிருக்க ரசாயனம் எதுவும் சேர்க்கவில்லை. மாதுளைத் தோலே காப்பாற்றும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு இதற்கு முன் நான்கு முறை தப்பியிருந்தது. எட்டாம் நாள், பத்தாம் நாள் என்று பூசணம் பூத்துவிடும். ஆய்வுக்கூட வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. இது ஐந்தாவது குப்பி, கடைசியும்கூட.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா மறுபேச்சு இல்லாம வேலைக்குப் போயிடணும்" என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். தோல் மூட்டையைக் கண்டால் அவர் வாய் சும்மா இருக்காது. "எல்லாரும் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாங்க. என் பொண்ணு வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டுறா."

இந்த ஒரு மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண் விழித்ததும் ஜன்னலுக்குத்தான் ஓடுவாள். பூசணம் இருக்காது. ஆனால் குப்பியின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறப்ப குப்பி மேல தெளிக்காதீங்கப்பா."

"உத்தரவு, விஞ்ஞானி." ரோஜாத் தொட்டியின் பக்கம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கடைசி ஒரு மணி நேரமும் முடிந்தபோது அழைப்பு மணி அடித்தது. அழகுப் பொருள் கடைக்கார அக்கா, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். குப்பியைத் திறந்து முகர்ந்தார். புறங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"நேத்து செஞ்ச மாதிரி இருக்கே. முப்பது நாளும் வெளியிலயா இருந்துச்சு?"

"இதே ஜன்னல்லதான்க்கா. ஒரு நாள்கூட நகத்தலை."

"அப்ப முன்னூறு குப்பி குடு. வெளியில வச்சாலும் கெடாதுன்னு லேபிள்ல பெருசா போடு. ஆனா ஒண்ணு கெட்டாலும் முன்னூறும் உன் வாசலுக்கு வந்துடும், சொல்லிட்டேன்."

நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. அக்கா படியிறங்கியதும் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குப்பை ஜெயிச்சிடுச்சுப்பா."

அப்பா சிரிக்கவில்லை. குப்பியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது சரிம்மா, கடைல ராத்திரி ராத்திரி என்னை மாதிரி யாரு இதை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைப்பாங்க?"