ஏழாம் எபிசோடில் ஒரு பச்சை கேட்

அந்தப் பேய்த் தொடரின் இரண்டாம் சீசனை நாகராசு ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் அவர் அளந்துவிட்ட புளுகைக் கொட்டினால் இலுப்பூரில் ஒரு கண்மாயே நிரம்பிவிடும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்குப் பொழுது போக வேண்டாமா?

மனைவி செங்கமலம் கந்தர்வக்கோட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார்: "ஏழாம் எபிசோட்ல பேய், பொண்டாட்டி கொரல்ல வந்து கேட்டைத் தெறக்கச் சொல்லுது. பயத்துல கட்டிலோட கவுந்துட்டேன்."

யாராவது கேலி செய்வார்கள் என்று காத்திருந்தார்.

"ஆமாண்ணே, நானும் பாத்தேன்" என்று எழுதினான் மணமேல்குடி கோபிநாத். "பச்சை கேட்டு, பக்கத்துல கொய்யா மரம்."

நாகராசு தன் வீட்டுப் பச்சை கேட்டையும் கொய்யா மரத்தையும் பார்த்தார். அங்கிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது.

"என்னங்க, தெறங்க. வெயில் கொளுத்துது."

உடனே அவளுக்குப் போன் போட்டார்.

"இப்பத்தான் சாப்புட்டு எந்திரிச்சேன். சாயங்காலம் வாரேன்" என்றாள். பேத்தி சிரிப்பதும் கேட்டது.

பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனிதர் என்பார்கள். கேட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடுத்த குரலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. அப்பாடா, போய்விட்டது என்று உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. குழுவிலிருக்கும் சிவரஞ்சனி எழுதியிருந்தாள்.

"பாவம் அந்த மனுசன். கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கொல்லைக் கதவை மறந்துட்டாரு."

அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"காபி போடவாங்க?"